வாய்க்கு வந்த சொல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அம்மா, பாப்பா, நான் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. இதையும் கிழித்துப் போடுவீர்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ஐயாவின் வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். உங்கள் அப்பாவைப் பற்றி எழுத மில் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஒரே தகுதிதான். ஐயாவின் மருமகன் என் அண்ணன். அன்று மில் வாசலில் சுடப்பட்டு விழுந்த ஏழு பேரில் அவனும் ஒருவன். அந்த நினைவு நாளில், மார்ச் மாதம், புத்தகம் வெளிவர வேண்டும். அன்றே வாசலில் ஒரு கல்லும் நடுகிறார்கள். துப்பாக்கிகளுக்கு முன்னால் ஐயா சொன்ன அந்த ஒற்றைச் சொல் கல்லில் இருக்கும்: "நில்லுங்கள்."

எழுத உட்கார்ந்தால் ஒரு சிக்கல் வருகிறது. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குச் சில வருடம் முன்னால் சிறையிலிருந்து ஐயா எழுதிய கடிதங்களில் பசி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வெளியே வந்தபின் வந்த எட்டுப் புத்தகங்களில் அது ஓரிடத்தில்கூட இல்லை. 'காலி வயிறு' என்று ஒரு புத்தகமே தந்தவர், அதற்குள் ஒரு தடவைகூடப் பசி என்று சொல்லவில்லை. விமர்சகர்கள் இதைப் பெரிய கலை நுட்பம் என்கிறார்கள். என் ஊகம் வேறு. சிறையில் பட்ட பசி அவ்வளவு கொடியது. அதன் பெயரைச் சொல்லவே பிறகு அவர் மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதன் வாழ்ந்த வாழ்க்கைதான் அவன் எழுத்துக்குச் சொற்களைத் தருகிறது, சில சொற்களைப் பறித்தும் விடுகிறது. இதையே முதல் அத்தியாயமாக வைக்கலாம் என்றிருக்கிறேன். ஐயா சொல்லச் சொல்ல எழுதியவர் நீங்கள். சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தி. உங்கள் மகள் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது சங்கத்தின் பெண்கள் குழுவுக்குப் பாப்பாதான் செயலாளர். நினைவு நாள் ஊர்வலத்தில் முதல் வரிசையில் நிற்கப்போகிறாள். அவள் மேடையேறினால் நம் 'நிதானம் ஐயா'வே வந்து நிற்பதுபோல் இருக்கிறது என்று கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வருடமாவது நீங்கள் வந்து மேடையில் உட்கார்ந்தால் அம்மாவின் கோபம் ஆறும்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


ஜனவரி 17

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. பதில் போடாததற்குக் கோபம் காரணம் இல்லை. கண்ணாடிக் கடையில் என் வேலை என்ன தெரியுமா? வருகிறவர்களைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து எழுத்து வாசிக்க வைப்பது. நாள் முழுக்க "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரிடமும் எதையும் கேட்கவோ சொல்லவோ தோன்றுவதில்லை.

உன் முதல் அத்தியாயத்தைப் படித்துச் சிரித்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட வாத்தியார்களால்தான் முடியும். அப்பா எந்தச் சொல்லுக்கும் மனம் ஒப்பாமல் இருந்ததில்லை. வெளியே வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சிறையில் அவர் வலது கையை உடைத்தார்கள். மூன்று விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. உள்ளே இருந்தபோது தன் கையால் எழுதினார். வெளியே வந்தபின் வாயால் சொன்னார், நான் எழுதினேன். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குமேல் தோண்டாதே. அத்தியாயத்துக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்.

பாப்பாவை முதல் வரிசையில் நிறுத்தாதே. எனக்கு இருப்பது ஒரே பெண். என்னோடு இருந்து வளர்ந்தவள், வேலை என்று சொல்லிக்கொண்டு அதே மில்லுக்குத் திரும்பிப் போனாள். போன நாளிலிருந்து என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. நீ சித்தப்பா. நீ சொன்னால் கேட்பாள். இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் வேறு எதையும் கேட்டதில்லை.

மேடைக்கு நான் வர மாட்டேன். அத்தைக்கு முழங்காலில் சூடாக ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, வேண்டாம் என்பார்.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பாவிடம் சொன்னேன். "அம்மா ஓடிப்போனவங்க சித்தப்பா. நான் ஓட மாட்டேன்" என்றாள். மன்னியுங்கள். மாற்றி எழுத எனக்கு வரவில்லை.

இங்கே நிலைமை சரியில்லை. புதிய நிர்வாகம் இரண்டு கூடங்களை மூடப்போகிறது. வேலைநிறுத்தம் தொடங்கியாகிவிட்டது. மெஷின்கள் ஓடாததால் ஊரே காது அடைத்தது மாதிரி இருக்கிறது. வாசலுக்கு எதிரே போலீஸ் கூடாரம் போட்டிருக்கிறது. இனி நினைவு நாள் ஊர்வலம் வெறும் ஊர்வலமாக இருக்காது. மில்லின் உள்ளே போய் உட்காருவோம் என்கிறார்கள். பாப்பாவும் தோழிகளும் வீட்டில் உட்கார்ந்து கொடி தைக்கிறார்கள். எல்லாக் கொடியிலும் ஐயாவின் அந்தச் சொல்தான்.

புத்தகத்துக்காக அன்று வாசலில் இருந்தவர்களைத் தேடிப் பேசி வருகிறேன். நூல் சுற்றும் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தாரே, மில் சங்கு மாதிரி குரல், சங்கு அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் சொன்னதைக் கேளுங்கள்:

"துப்பாக்கியத் தூக்குனதும் உங்க அண்ணன் என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுத் திரும்பி நடந்தாரு தம்பி. டீக்கடைத் திருப்பம் வரைக்கும் வந்துட்டோம். அப்ப மைக்குல ஐயா நில்லுங்கன்னாரு. உங்க அண்ணன் நின்னாரு. 'மாமா நிக்கச் சொல்றாரு அக்கா'ன்னு என் கைய விட்டாரு. திரும்பிப் போனாரு. நான் போகல. அதான் இன்னிக்கு உங்கிட்ட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயந்து திரும்பிய ஒரு சாதாரண மனிதனை ஒரே ஒரு சொல் வீரனாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறது. இதுதான் என் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். நீங்களும் பெருமைப்படுவீர்கள் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய் அழுதேன். உன் அண்ணன் முன்வரிசையில் நின்றார், விழுந்தார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் திரும்பி நடந்தது எனக்குத் தெரியாது. நல்லவேளை சொன்னாய் என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி மூடி வைத்துப் பயனில்லை. சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பாவுக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் அல்ல. ஒரு சொல் ப-வில் தொடங்கினால் திக்கும். ப, பா, பி, பு, எதுவானாலும் சரி. அந்த எழுத்துக்கு உதடு ஒட்டித் திறக்க வேண்டும். அவருக்கு ஒட்டும், திறக்காது. தொழிலாளர் தலைவனுக்குப் ப வராவிட்டால் வாயில் என்ன மிஞ்சும், யோசித்துப் பார். பாட்டாளி வராது. போராட்டம் வராது. புரட்சி வராது. "உங்க அப்பாவுக்குப் பணமும் வராது, ப-வும் வராது" என்று அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் கேலி செய்வார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். வெளியே மட்டும் மூச்சு விடக் கூடாது.

அதனால் அவர் வாய் சந்துபொந்தாகத் தேடித் தேடிப் பழகியது. பாட்டாளி என்பதற்கு உழைக்கிறவன். போராட்டத்துக்கு மல்லுக்கட்டு. பசிக்குக் காலி வயிறு. நீங்கள் கலை நுட்பம் என்பது இதைத்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் நிறுத்துவார், கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும், நிதானம் ஐயா என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். நிதானமும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு சொல் தேடிக்கொண்டிருந்தார். ஊரே உன் அண்ணனைப் பெரியவன் என்றபோது அப்பா மட்டும் ஏன் மூத்தவனே என்றார்? எல்லாருக்கும் பாப்பா, தாத்தாவுக்கு மட்டும் ஏன் அவள் குட்டி? உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

எழுதும்போதும் அதே கதைதான். அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார். உதடு ஒட்டி நின்றால் எந்தச் சொல் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை நானே போட்டுவிட்டேன். "நான் சொல்லாத சொல்லை எழுதாதே" என்று தாளை வாங்கிக் கிழித்தார். திக்குவாய்க்கு இருக்கும் வைராக்கியம் உனக்குத் தெரியாது.

மில்லுக்குள் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்பாய். மெஷின் ஓடும் சத்தத்தில் அவருக்குத் திக்காது. தன் குரல் தன் காதில் விழாவிட்டால் ப தாராளமாக வரும். காதோடு ரகசியமாகச் சொன்னாலும் வரும். சுற்றிலும் சத்தம் அடங்கினால்தான் வினை.

அன்று வண்டிமேல் அவர் பக்கத்தில் நின்றது நான். கூட்டம் வாசலை நோக்கி நெருக்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின. அப்பா என் காதில் சொன்னார்: "சுடப் போறானுங்க. எல்லாரையும் பின்னால அனுப்பிடணும்மா." தெளிவாகச் சொன்னார். பிறகு மைக்கை வாயருகே வைத்துக் கையை உயர்த்தினார். கூட்டம் கப்சிப் என்று அடங்கியது. மில்லும் ஓடவில்லை. அவர் சொல்ல வந்தது 'பின்னால போங்க'. இரண்டுமே ப. உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். மைக் அவர் கையில், நான் என்ன செய்ய என்று யோசிப்பதற்குள் உதடு பிய்த்துக்கொண்டு திறந்தது. "நில்லுங்க!"

மேலே வராதே, அங்கேயே நில் என்ற நினைப்பில்தான் அந்தச் சொல் அவர் வாய்க்கு வந்திருக்கும். கூட்டம் கேட்டது வேறு. அசையாதே, எதிர்த்து நில் என்று கேட்டது. திரும்பிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். சில பேர் திரும்பியே வந்தார்கள். அதில் என் வீட்டுக்காரரும் இருந்தார் என்று நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். திரும்புங்க என்றிருக்கலாமே, ஓடுங்க என்றிருக்கலாமே என்று நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். ஒட்டிய உதட்டுக்கு எது கிடைத்ததோ அது வந்தது. அதற்குமேல் பதில் இல்லை.

பாப்பாவிடம் இதை நீ சொல்ல வேண்டும். நான் வந்து சொன்னால் மகளை இழுத்துப் போக அம்மா கட்டிய கதை என்பாள். நீ ஐயாவின் வரலாற்றை எழுதுகிறவன், உன்னை நம்புவாள். அவள் கொடியில் தைத்துக்கொண்டிருப்பது அவள் தாத்தா சொல்ல வந்த சொல் இல்லை. அதற்காக அவள் நெஞ்சைக் காட்ட வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 16

அண்ணிக்கு,

ஐயாவின் எட்டுப் புத்தகங்களையும் மேசையில் பரப்பினேன். நீங்கள் சொன்னது பொய் என்று காட்ட ஒரே ஒரு சொல் போதும் எனக்கு. பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தேடினேன். பயம் இல்லை, அச்சம் இருக்கிறது. பெண் இல்லை, மகளிர் இருக்கிறது. பிறகு இல்லை, அப்புறம் இருக்கிறது. பத்துப் பேர் என்று வரவேண்டிய இடத்தில் 'ஒரு டஜனுக்கு இரண்டு தலை குறைவு' என்றிருக்கிறது. அதற்கு நான் வகுப்பில் நயம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே நம்புகிறேன். நம்புவதால்தான் எழுதவே கை கூசுகிறது. ஐயா அதன்பின் ஆறு வருடம் இருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, காதோடு ரகசியமாகவாவது, என் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அல்லது நீங்கள்? அண்ணன் படத்துக்குக் கீழே அம்மா அந்தச் சொல்லைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதை மட்டும் கடகடவென்று படிப்பாள். திக்கிப்போன ஒரு வாய்க்காகவா என் அண்ணன் அந்தக் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனான்? அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து எங்களை மோசம் செய்துவிட்டீர்கள். மன்னிக்க எனக்கு மனமில்லை.

பாப்பாவிடம் சொல்ல மாட்டேன். கடைக்காரர்கள் கடன் நிறுத்திவிட்டார்கள். பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் என் வகுப்பில் தலையை மேசையில் சாய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். இந்தச் சனங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது அந்த ஒரு சொல்தான். அதையும் நான் போய்ப் பிடுங்க வேண்டுமா? தப்பாகப் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான். இப்போது அது வளர்ந்து ஊருக்கே சோறு போடுகிறது.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. இனி எழுத வேண்டாம்.


பிப்ரவரி 24

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். என் பெண் உன் வீட்டில் இருக்கிறாள்.

திட்டு, உனக்கு அந்த உரிமை உண்டு. அத்தையிடம் அப்பா சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தச் சொல் ஊருக்குச் சோறு போடுகிறது என்றாயே, அது என்ன தின்று வளர்ந்தது என்று தெரிந்துகொள்.

ஏழு பேரையும் அடக்கம் செய்த மறுநாள் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'நில்லுங்கள்'. அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பு எழுதப் போகிறார் என்று நான் தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அதுவே இருக்கட்டும்" என்றார்.

அதற்கு முன் அவர் சொல்லி நான் எழுதியதை எடுத்துப் பார். 'இன்று திரும்பு, நாளை வா' என்பார். பேரம் பேசச் சொல்வார், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்சச் சொல்வார். அதற்குப்பின் வந்த புத்தகங்களில் அந்த மனிதரே இல்லை. நில், விழு, மறுபடி எழு, அவ்வளவுதான். எழுத்தை வாழ்க்கை எப்படி மாற்றும் என்று கேட்டாயே வாத்தியாரே, இப்படித்தான் மாற்றும். ஏழு பேர் வீணாகச் சாகவில்லை என்று தனக்குத் தானே காட்டிக்கொள்ள அவர் மீதிக் காலமெல்லாம் எழுதினார். பெரிய எழுத்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. படித்தால் எனக்கே ரத்தம் சூடாகும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அதில் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கே சுடப்பட்டு நான்கு பேர் செத்தார்கள். செய்தியை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அடுத்த அத்தியாயம் சொல்ல ஆரம்பித்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். நீங்கள் எல்லாரும் ஓடிப்போனாள் என்றீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளைத் தடுக்க வேண்டாம். கட்டிப்போடவும் வேண்டாம். தெரியவேண்டியதைச் சொல்லிவிடு, அப்புறம் அவள் நிற்கட்டும், நடக்கட்டும், அது அவள் பாடு. தெரியாமல் நின்று செத்தால் அந்தப் பாவம் இந்தத் தடவை உன் தலையில்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

பாப்பா உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளை இரவு ரயிலில் அங்கே வருகிறாள்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நினைவு நாள் காலையில் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்து பார்க்க அண்ணன் மாதிரியே கழுத்து. வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் சித்தப்பா?"

"போன மாசம்."

"போன மாசமெல்லாம் நான் இந்தக் கூடத்துல உக்காந்துதான் கொடி தச்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

பின்னி முடித்தாள், கிளம்பிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

வாசலில் அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்திருந்தார்கள். கல்லின்மேல் துணி போர்த்தியிருந்தது. சங்கத் தலைவர் பேசி முடித்ததும் கூட்டம் கேட்டை நெருக்க ஆரம்பித்தது. போலீஸ் அதிகாரி எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. மறுபடி எச்சரித்தார். துப்பாக்கிகள் தோளுக்கு ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் அண்ணி, நீங்கள் எழுதியது போலவே. அப்போது தலைவர், "ஐயாவோட பேத்தி சொல்லட்டும், நாம எல்லாரும் திருப்பிச் சொல்லுவோம்" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் அந்தச் சொல்லுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பாப்பா கையை உயர்த்தினாள். அமைதியானது.

"எங்க தாத்தா சொல்ல வந்தது நில்லுங்க இல்ல. அவருக்குத் திக்கும். பின்னால போங்கன்னு சொல்ல வந்தாரு, வாய் வரல. எங்க அப்பா செத்தாரு. எனக்குத் திக்காது. பின்னால போங்க. எல்லாரும் பின்னால போங்க!"

ஒருவன் சிரித்தான். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். தலைவர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார், அவள் விடவில்லை, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் திரும்பியது சங்கு அக்கா. பக்கத்தில் நின்ற மகன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நடங்கடா, போங்கடா" என்று அந்தக் குரலில் கத்திக்கொண்டே போனார். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கொடிகளைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

அதோடு எல்லாம் முடிந்தது. சாயங்காலமே சங்கம் உடைந்தது. மறுநாள் மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். முன்வரிசையில் நின்றவர்களுக்கு வேலை இல்லை. இரண்டு கூடங்களுக்கும் பூட்டுப் போட்டாகிவிட்டது. எங்கள் சுவரில் 'ஓடச் சொன்னவள் வீடு' என்று கரியால் எழுதியிருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. பாப்பாவைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். கல்லை மட்டும் துணியை எடுத்துத் திறந்துவிட்டார்கள், அதே சொல்லோடு. புத்தகம் வேண்டாம் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சங்கு அக்காவின் மகனுக்கும் வேலை போய்விட்டது. நேற்று வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கக் கத்தினார். "உங்க அண்ணன் ஒரே நாள்ல போயிட்டாரு. எங்கள தினம் தினம் போகச் சொல்லிட்டா உங்க வீட்டுப் பொண்ணு!" பாப்பா வெளியே வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். கத்தி முடிக்கிறவரைக்கும் உள்ளே வரவில்லை.

அம்மாவிடம் நானே சொன்னேன். படத்தையும் கழற்றவில்லை, கீழே உள்ளதையும் கழற்றவில்லை. "எம் பையன் ஒண்ணுமில்லாததுக்குச் செத்தான்னு சொல்லவா என்னை உக்கார வச்ச?" என்றாள். அதன்பின் என்னோடும் பேச்சில்லை. பாப்பா போட்டு வைத்த சாப்பாட்டைத் தொடுவதில்லை.

போன கடிதத்தில் உங்களைத் திட்டி எழுதியது தப்பு. சரி எது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் தலை சாய்த்துக் கிடந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஊரை விட்டே போகிறார்கள். ஆனால் எல்லாரும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 20

தம்பிக்கு,

வந்து சேர்ந்தாள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் பையை மட்டும் கொடுத்தாள். நெற்றி ஓரத்தில் கல் பட்ட காயம். அதை நீ எழுதவில்லை. மருந்து போட்டுவிட்டேன்.

புத்தகத்தை யார் வேண்டாம் என்றாலும் நீ எழுது. திக்குவாய் என்று எழுது. உடைந்த கையை எழுது, 'அதுவே இருக்கட்டும்' என்றதையும் எழுது. ஒன்றையும் விடாதே. அவரைப் பெரிய மனிதர் என்றும் எழுது, அதுவும் பொய்யில்லை. அச்சுப் போட ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்பு, நான் ஒருத்தி படிக்கிறேன்.

வந்த அன்றும் மறுநாளும் பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். நேற்றுக் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, அன்னிக்குத் தாத்தாவுக்கு அந்த வார்த்தை வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"எல்லாரும் திரும்பிப் போயிருப்பாங்க. வேலை போயிருக்கும். கோழைன்னு அவரு மூஞ்சியில துப்பியிருப்பாங்க. அவரு பேரே இன்னிக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்பா?"

"வீட்டுக்கு வந்திருப்பாரு" என்றேன்.

அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி